ஏலத்தில் உயர்ந்த கை

பாஸ்டன், 1780

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹாலிஃபாக்ஸில் குளிர் எப்படி? இருமல் குறைந்ததா?

அமெரிக்காவுக்குச் சுதந்திரம் வேண்டாமென்று நீங்கள் இங்கிலாந்து ராஜாவின் பக்கம் நின்று கப்பலேறியதால், புதிய அரசாங்கம் நேற்று நம் வீட்டை ஏலம் விட்டது. கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. அது உங்கள் மாப்பிள்ளையின் கை.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க?” என்றேன்.

“யாரோ வாங்குறதுக்குப் பதிலா நாமே வாங்கினா என்ன?”

“அப்பா திரும்பி வந்தா?”

“வந்தா ஜெயில்னு சட்டமே இருக்கு. சட்டசபையில அதுக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.”

நம் வீட்டுச் சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

குழந்தையோடு அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி இந்த விலாசத்துக்கு எழுதுங்கள். ஊருக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்