ஆதாரம் போதாது

கொட்டாஞ்சேனை,
9.6.1981

இமெல்டாவின்ர அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகம் எண்டு போன கடிதத்தில இருந்தது.

பத்தாம் வகுப்புக்கு ஒரு பயிற்சி குடுத்தனான். வீட்டில கிடக்கிற எழுத்து ஏதாவதைக் கொண்டுவந்து, அதில சொல்லாமல் விட்டது என்ன எண்டு ஆதாரத்தோட சொல்லவேணும். மற்றப் பிள்ளைகள் பேப்பரும் சவர்க்கார விளம்பரமும் கொண்டுவந்தினம். எங்கட மகள் துபாயிலயிருந்து வந்த உங்கட கடிதங்களைக் கொண்டுவந்தாள்.

எழும்பி நிண்டு வாசிச்சாள். "அப்பா முந்தி கிரேன் ஓட்டுறதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாய் எழுதுவார். மார்ச்சிலயிருந்து வந்த மூண்டு கடிதத்திலயும் கிரேன் இல்லை. அப்பாவின்ர எழுத்து சரிஞ்சிருக்கும், இது நிமிர்ந்து நிக்குது. இதை எழுதினது வேற ஆள்."

"ஆதாரம் போதாது. நேரமில்லாமல் கூட்டாளியைக் கொண்டு எழுதுவிச்சிருக்கலாம்" எண்டன்.

"அப்ப ஏன் அதைச் சொல்லேல்லை, டீச்சர்?"

வகுப்பில அவளுக்கு நான் டீச்சர்தான். பத்துக்கு நாலு போட்டன்.

அண்டையிலயிருந்து வீட்டில அவள் என்னோட கதைக்கிறேல்லை. செவ்வாய்க்கிழமைகளில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நான் ஏன் போறன் எண்டும் கேக்கிறேல்லை.

அவள் எழுதினது முழுக்கச் சரி. மார்ச் மாதக் கடிதத்தின்ர உறையிலேயே நான் கண்டுட்டன். கேட்டால் கைக்கு என்ன நடந்தது எண்டு சொல்லிப்போடுவீங்கள் எண்ட பயத்தில கேக்கேல்லை.

அடுத்த கடிதத்தை நீங்களே எழுதுங்கோ. ஒரு வரி போதும். இடது கையால எழுதினாலும் நான் வாசிப்பன்.

இப்படிக்கு,
உங்கட மனுசி