மேப்பில் மூடிய கடை

மார்ச் 3, திங்கள்

காலை ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். இன்று கடை திறந்தேன். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் இதுதான் முதல் தடவை. ஷட்டரைத் தனியாகத் தூக்கியதும் முதல் தடவை. பாதியில் மாட்டிக்கொண்டது. அவர் என்றால் ஓர் உதை விடுவார், ஏறிவிடும். நானும் உதைத்தேன். கால் கட்டைவிரல் வீக்கம்.

தோசை மாவு, சாம்பார், சட்னி, நாசி லெமாக். எல்லாம் பழைய அளவில். வந்தவர்கள்: பக்கத்துச் சாவிக்கடைச் சீனப் பெரியவர் (கோப்பி மட்டும், தலையாட்டிவிட்டுப் போனார்), ஒரு தபால்காரர், ஒரு பூனை. மிச்சச் சாம்பார் எனக்கே மதியம், எனக்கே இரவு. இன்னும் இருக்கிறது.

கதிர் போன் செய்யவில்லை. ஒரே மகன். கோலாலம்பூரில் மேப் கம்பெனியில் வேலை. ஊருக்கெல்லாம் வழி காட்டுகிறான். அம்மா வீட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லை போல.

மார்ச் 5, புதன்

அதே வெயில். அதே பூனை.

கோலா கெடா படகுத்துறைக்குப் போகிறவர்கள்கூட வரவில்லை. லங்காவி பெர்ரி ஏறுவதற்கு முன் இங்கே பசியாறிவிட்டுப் போகிற கூட்டம் அது. எங்கள் கடை மெர்கோங்கில் பின்வரிசை. பெரிய சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. தேடித்தான் வருவார்கள். தேடி வந்தார்கள், இத்தனை வருஷம்.

எனக்குக் காரணம் தெரியும். காலையில் முதலில் பார்க்கிற முகம் இந்த முகமா என்று நினைக்கிறார்கள். பொட்டு சின்னதாக வைத்தேன். அழித்தேன். மறுபடி வைத்தேன். யாருக்காக அழிக்க வேண்டும்?

பாசாரில் காய் வாங்கும்போது இரண்டு பெண்கள், என் முதுகுக்குப் பின்னால்:

“அந்தம்மா இன்னமும் கடை போடுதாம்லா.”

“பாவம், வேற என்னா பண்ணும்.”

திரும்பிப் பார்த்தேன். இருவரும் கத்தரிக்காயைப் பார்த்தார்கள்.

வாங்க: வெங்காயம், காய்ந்த மிளகாய், விரலுக்கு மருந்து, ‘கடை உண்டு’ என்று எழுத ஒரு பெரிய அட்டை.

வீட்டில் போன் அடிப்பதே இல்லை. அவருடைய போன் அடித்துக்கொண்டே இருக்கும், திட்டுவேன். அவரை எடுத்த அன்று அதை யாரோ எடுத்து வைத்தார்கள். நான் தேடவில்லை.

மார்ச் 8, சனி

சந்து முனையில் அட்டை வைத்தேன். பத்து மணிக் காற்றில் வாய்க்காலுக்குள்.

சனிக்கிழமை என்றால் நாற்காலி போதாது. இன்று உட்கார நான் ஒருத்திதான். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. வந்தவர்கள் யாரும் சொன்னதே இல்லை.

கதிர் நினைப்பாகவே இருந்தது. படிப்பு முடிந்ததும் வேலை தேடாமல் இரண்டு கூட்டாளிகளோடு சுங்கை பட்டாணியில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தான். கெடா மாநிலம் முழுவதற்கும் மேப் செய்து லாரி கம்பெனிகளுக்கு விற்கப் போகிறார்களாம். எங்கள் பழைய காடியின் கூரையில் ஒரு ஜிபிஎஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றினார்கள். செர்டாங் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் போனால் பெட்டிக்கு வானம் தெரியாது, வேலை செய்யாது. திரும்பி வந்து அதே பாதையில் மறுபடி போவார்கள். காடி முழுக்கச் செம்மண். அவர் கழுவிக்கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டே.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் வைத்த புள்ளி எங்கள் கடைதான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “என் கடைக்கு எனக்கே வழி காட்டுறியா? எவன்டா இதப் பாத்து வரப் போறான்?”

கொஞ்ச நாளில் எல்லார் போனிலும் மேப் இலவசமாக வந்துவிட்டது. இவர்களுடையதை வாங்க ஆள் இல்லை. அறையைக் காலி செய்தார்கள். கே.எல். மேப் கம்பெனிக்காரர்கள் மூவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லார் போனிலும் இருக்கிற அந்தப் பெரிய மேப்பிலும் எங்கள் கடையைப் போட்டுவிட்டுத்தான் போனான். படம், நேரம், அப்பா நம்பர், எல்லாம். அதற்குப் பிறகு யாரும் வழி கேட்டு நிற்கவில்லை. நேராக வாசலில் வந்து இறங்குவார்கள். அவருக்குப் பெருமை தாங்காது. வருகிறவர்களிடம் எல்லாம், “எம்மவன் போட்ட புள்ளி.”

அந்த மகன் அப்பாவின் சாவில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாள் முழுக்கக் காதில் போன். சுடுகாட்டில்கூட ஓரமாகப் போய் நின்றுகொண்டு போனைத் தட்டிக்கொண்டிருந்தான். பெரியப்பா வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். எனக்குத்தான் தலைகுனிவு.

மார்ச் 10, திங்கள்

மல்லிகா வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் தாதி. வாரம் இரண்டு முறை வேலை முடிந்து பசியாற வருகிறவள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா! தொறந்திருக்கா? நான் சாவி வெட்டத்தான் இந்தப் பக்கம் வந்தேன்.”

“ஏன், திறக்கக் கூடாதா?” என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

போனை நீட்டினாள். எங்கள் கடைப் படம். அவர் ரொட்டி வீசிக்கொண்டு சிரிக்கிறார். கீழே சிவப்பு எழுத்தில்: நிரந்தரமாக மூடப்பட்டது.

“வார்டுல எல்லாரும் நீங்க மகன்கிட்ட போய்ட்டீங்கன்னு பேசிக்கிட்டோம்லா. பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டாங்களேன்னு எனக்கு மனசே ஆறல.”

தோசை மூன்று சுட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவள் போனதும் அடுக்களையில் நின்று சிரித்தேன். பிறகு அழுதேன். என் முகம் இல்லை. என் பொட்டு இல்லை. எவனோ மேப்பில் மூடிவிட்டான், அவ்வளவுதான்.

சாயங்காலம் கதிரைக் கூப்பிட்டேன். “கடைய மேப்புல எவனோ மூடிட்டான்டா. அவன் யாருன்னு கண்டுபிடி. நல்லா நாலு வார்த்த கேக்கணும்.”

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம். பிறகு:

“நான்தாம்மா மூடினேன்.”

“என்னடா சொல்ற?”

“அப்பாவோட போனை நான்தான் எடுத்து வச்சேன். கடை நம்பர் அதானேம்மா. அடிச்சிக்கிட்டே இருந்துச்சி. அண்ணே கடை உண்டா, அண்ணே பத்துத் தோசை பொங்குஸ் கட்டி வைங்க, அண்ணே எங்க போய்ட்டீங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்பா செத்துட்டாருன்னு சொல்லணும். எத்தன பேருகிட்டம்மா சொல்றது? சுடுகாட்டுலயும் அடிச்சிச்சி. அங்கயே நின்னு மூடிட்டேன். அப்பறம் கொறஞ்சிருச்சி.”

“என்கிட்ட கேட்டியாடா?”

“நீங்க திரும்பக் கடை தொறப்பீங்கன்னு நான் நெனக்கலம்மா. இங்க வந்துருவீங்கன்னு நெனச்சேன்.”

வைத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கடை திறக்கவில்லை. மேப் சொன்னது இன்று உண்மையாகவே இருக்கட்டும்.

கோபம். கேட்காமல் என் வாழ்க்கையை மூடிவிட்டான். புருஷன் போனால் நானும் முடிந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான், பெற்ற பிள்ளை.

மத்தியானம் கோபம் இல்லை. அவன் ஓரமாக நின்றது மட்டும் கண்ணில். அழாத பிள்ளை என்று நினைத்தேன். அன்று முழுக்க ஊருக்கெல்லாம் சாவு சொன்னவன் அவன்தான். நான் ஒருத்தரிடம்கூடச் சொல்லவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தேன். அவன் பக்கத்தில் யாருமே நிற்கவில்லை. நானும்தான்.

மார்ச் 13, வியாழன்

கதிர் கூப்பிட்டான்.

“திரும்பத் தொறந்து விட்டுர்றேம்மா. பட்டனத் தட்டுனா போதும். நம்பர் மட்டும் மாத்திரவா? உங்க நம்பர் போடட்டா?”

யோசித்தேன். அந்த நம்பரைப் பத்து வருஷமாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மேப்பைப் பார்க்காமலே கூப்பிடுகிறவர்கள்.

“நம்பர் இருக்கட்டும். போனை எனக்கு அனுப்பு.”

“வேணாம்மா. கஷ்டம்மா அது. நான் பண்ணிப் பாத்துட்டேன்.”

“நீ போதும்டா. இனிமே நான் பாத்துக்குறேன்.”

அப்போதுதான் அழுதான். சாவில் அழாததெல்லாம் சேர்த்து. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். சட்டியில் வெங்காயம் கருகியது. கருகட்டும் என்று விட்டேன்.

மார்ச் 17, திங்கள்

கூரியர் வந்தது. போனைப் பழைய துண்டில் சுற்றி அனுப்பியிருக்கிறான். கண்ணாடி ஓரத்தில் மாவுக் கறை அப்படியே. துடைக்கவில்லை. சார்ஜ் போட்டேன். டாப் அப் செய்தேன். கல்லாப்பெட்டி மேல் வைத்தேன்.

நாள் முழுக்க அடிக்கவில்லை. சாவிக்கடைப் பெரியவர் மட்டும் இரண்டு கோப்பி. ஒன்று குடித்தார், ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

மார்ச் 18, செவ்வாய்

விடியலில் தூறல். மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. கல் காய்கிற நேரம் போன் அடித்தது. அவர் போட்ட அதே நாதஸ்வரச் சத்தம். அடிக்க விட்டேன். நின்றது. மறுபடி அடித்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

“அண்ணே! எங்கண்ணே போய்ட்டீங்க? போன வாரம் மூடிட்டீங்கன்னு மேப்புல காட்டுனான், இன்னிக்குத் தொறந்திருக்குன்னு காட்டுறான். நாங்க குருண் தாண்டிட்டோம், நாலு பேரு. பெர்ரிக்கு முன்னால பசியாற வரலாமா?”

சொல்ல வாயெடுத்தேன். கதிர் எத்தனை முறை இதைச் சொன்னானோ.

“வாங்க தம்பி. கடை உண்டு.”

“அக்காவா? அண்ணன் இல்லியா?”

“மொதல்ல வாங்க. சாப்டுங்க.”

நாலு தட்டு எடுத்து வைத்தேன். சட்னி அரைத்தாயிற்று. ஆடுகிற நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டேன். பசியோடு இருக்கிறவர்களிடம் சொல்லக் கூடாது. சாப்பிட்டுக் கை கழுவட்டும். பிறகு உட்கார்ந்து நானே சொல்கிறேன்.

வாசலில் காடி சத்தம்.