வெறும் அலங்காரம்

டாஃபின், மனிடோபா
அக்டோபர் 14

அன்புள்ள வெர்னா,

எட்மண்டனில் பனி கொட்டுகிறதாமே. இங்கே இன்னும் இல்லை, என் முட்டிதான் முந்திக்கொண்டு வலிக்கிறது. பீட்ரூட் எல்லாம் ஊறுகாய் போட்டாயிற்று. சாப்பிடத்தான் ஆளில்லை.

உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாத உடல்களோடு கிடைத்த பொருள்களை உன் அலுவலகம் இணையத்தில் படமாகப் போடுகிறதே, அந்தப் பக்கத்தை ஞாயிறுதோறும் பூசைக்கு முன் திறக்கிறேன். என் கணினியில் வாசிக்கிற குரலுக்கு ஹெக்டர் என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும். அவன் வாசிப்பது இவ்வளவுதான்: "படம். படம். படம்." கண் தெரியாதவள் பிள்ளை காணாமல் போகாது என்று நினைத்துவிட்டீர்களா?

என் பிள்ளை டானிலோ எண்ணெய் வயல் வேலைக்கென்று உங்கள் ஊர்ப்பக்கம் போய், ஒரு தகவலும் இல்லாமல் இரண்டு வருடம் ஆகிறது. அந்த இணையப் பக்கத்தில் அவன் இல்லை என்று தெரிந்தால்தான் எனக்கு அந்த வாரம் ஓடும். பள்ளி விடுதியில் சினிமா முழுவதையும் காதோடு சொல்லிக் காட்டினவள் நீ. இதைச் செய்ய மாட்டாயா?

உன் ஒரீசியா

எட்மண்டன்
நவம்பர் 2

என் ஒரீசியா,

திட்டு கிடைத்தது. வேண்டியதுதான் எனக்கு.

எல்லாப் படத்துக்கும் பின்னால், ஹெக்டர் வாசிக்கும்படி விளக்கம் எழுதிவிட்டேன். மேலதிகாரி, "பூட்ஸ்னு போட்டா போதாதா?" என்றார். "உங்க பிள்ளையோட பூட்ஸா இருந்தா போதுமா?" என்று கேட்டேன். அதோடு எழுந்து போய்விட்டார். தேடுகிறவர் எதை வைத்து அடையாளம் காண்பாரோ அதை முதலில் சொல்லவேண்டும், கண்ணுக்குத் தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது, அவ்வளவுதான் வித்தை. ஓரத்துப் பூவேலை, அலுவலகச் சின்னம் போன்றவற்றுக்கு மட்டும் 'வெறும் அலங்காரம்' என்று குறி போட்டேன். அவற்றை ஹெக்டர் வாய் திறக்காமல் தாண்டிவிடுவான்.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சோம்பல் படாதே.

வெர்னா

டாஃபின்
நவம்பர் 18

தங்கமே வெர்னா,

ஹெக்டருக்கு ஒருவழியாகப் பேச்சு வந்துவிட்டது. "பழுப்புத் தோல் பூட்ஸ், இடது குதிகால் அதிகம் தேய்ந்தது." கேட்டதும் அந்த ஆள் நொண்டி நடப்பது எனக்குத் தெரிந்தது. யார் பெற்ற பிள்ளையோ. அவனுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நம் டானிலோ அங்கே இல்லை.

அவன் போட்டுக்கொண்டு போனது நான் பின்னிய கம்பளிச் சட்டை. இரண்டு நூல் உருண்டையும் என் விரலுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. பின்னி முடித்த பிறகுதான் சொன்னான், "அம்மா, ஒரு கை பச்சை, ஒரு கை பழுப்பும்மா. கடையில தேடினாலும் கெடைக்காது." கழற்றிக் கொடுடா, பிரித்துப் பின்னுகிறேன் என்றால் கேட்டால்தானே. ஊரெல்லாம் அதோடுதான் சுற்றினான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்குப் பயமில்லை. நீ இருக்கிறாய்.

உன் ஒரீசியா

எட்மண்டன்
டிசம்பர் 12

ஒரீசியா,

வேலை நெரிக்கிறது, அதனால் நாலு வரிதான். உடம்பைப் பார்த்துக்கொள். பண்டிகை நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஏன் மனதைக் கெடுத்துக்கொள்கிறாய்? சில வாரம் விட்டுவிடேன். ஜனவரி கடைசியில் லீவு போட்டு நேரில் வருகிறேன். அப்போது உட்கார்ந்து பேசுவோம்.

வெர்னா

டாஃபின்
ஜனவரி 9

வெர்னா,

எங்கள் பழைய நாட்காட்டிப்படி ஆறாம் தேதி கிறிஸ்துமஸ் இரவுக்கு வழக்கம்போல மேசை போட்டேன். இறந்தவர்களுக்கு வைக்கிற தட்டில் என் கணவர் பெட்ரோவுக்கு மட்டும் தேன்கோதுமை வைத்தேன். டானிலோவின் தட்டை உயிரோடு வருகிறவனுக்கு வைப்பதுபோல என் பக்கத்தில் வைத்துக் கதவைத் தாழிடாமல் விட்டேன். சூப் ஆறும்வரை காத்திருந்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஸ்டெஃபா வந்தாள். என் தோழி எழுதியது என்று பெருமையாக அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஹெக்டர் வாசிக்க, அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல ஒரு சட்டை இருக்கே ஒரீசியா. அதை இவன் படிக்காமலே போயிட்டானே?"

"கை ரெண்டும் ஒரே நிறமா ஸ்டெஃபா?"

அவள் அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காவல்துறைக்குத் தொலைபேசினேன். டிசம்பர் தொடக்கத்திலேயே நீ அவர்களிடம் சொல்லிவிட்டாயாம். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார்களாம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. நீ நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல நினைத்திருப்பாய். தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை.

நான் நுழைந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், வெர்னா. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். தாழ்த்தாத ஒரே ஆள் நீ. அந்த நீ, ஓரத்துப் பூவுக்குப் போடுகிற குறியை என் பிள்ளையின் சட்டைக்குப் போட்டாய். அவனுக்கு ஒரு பிடி தேன்கோதுமை வைக்கவேண்டிய இரவு கடந்துபோய்விட்டது. அடுத்ததற்கு ஒரு வருடம் இருக்கிறது.

அந்தப் படத்துக்கு உரிய வரியை நானே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றாமல் போடு:

"கையால் பின்னிய கம்பளிச் சட்டை. ஒரு கை பச்சை, மற்றது பழுப்பு. கண் தெரியாத அம்மா பின்னியது. பிள்ளை பிரிக்கவிடவில்லை."

ஞாயிற்றுக்கிழமை ஹெக்டர் அதை வாசிக்கவேண்டும். அதன் பிறகு எனக்கு எழுதாதே, வராதே.

ஒரீசியா