இயலாது என்று ஒரு கையெழுத்து

காக்ஸ் டவுன், பெங்களூரு
12 மார்ச் 2025

அன்பு மகன் லாயிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். புனேயில் நீ சுகமாயிருக்க அம்மாவும் நானும் தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. போனில் சொல்லாமல் தபாலில் எழுத இரண்டு காரணங்கள். இத்துடன் உள்ள படிவத்தில் நீ பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். மற்றது, நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

வீட்டு விஷயம் கைமீறிவிட்டது. மாத வாடகைக்குப் பதில் லீஸுக்கு மொத்தமாகக் கொடுத்த எட்டு லட்சத்தோடு வீட்டுக்காரர் ரங்கா எங்கே போனார் என்று தெரியவில்லை. அவர் ஏற்கனவே வீட்டை அடமானம் வைத்திருந்த வங்கி, மார்ச் 31க்குள் காலி செய்யச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் வில்லங்கச் சான்றிதழ் வாங்கிப் பார்க்கவில்லை. "நம்மேல நம்பிக்கை இல்லியா சார்?" என்று ரங்கா அன்று சிரித்ததும், மேற்கொண்டு கேட்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஈஜிபுராவில் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு வீடு பார்த்திருக்கிறேன். அம்மாவின் வளையல்களை விற்று அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வாடகை ஒன்பதாயிரம். என் இன்ஷூரன்ஸ் பணம் ஜூலையில் வரும். அதுவரை மூன்று மாதம்தான் இடிக்கிறது. சபையின் உதவி நிதிக்கு மனு கொடுத்தேன்.

இப்போது செயலாளராக இருக்கும் குளோரியா மனுவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிள்ளைங்க இருந்தா, அவங்களால உதவ முடியாதுன்னு கையெழுத்து வேணுமே ஜெயராஜ் சார். நீங்க செகரட்டரியா இருந்தப்ப போட்ட ரூல்தானே? நான் எப்படி விடுறது?" என்றாள். உண்மைதான். ஒழுங்குக்காகப் போட்ட விதி. அந்த வருடமே ரத்தினம்மாள் என்ற விதவை, மகனிடம் கையெழுத்து வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வரவேயில்லை. நானும் கோப்பை மூடி வைத்துவிட்டேன். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அம்மாவுக்கு என்மேல் கோபம். "பெத்த பிள்ளைகிட்ட கேக்க என்னங்க வெக்கம்? டீம் லீடர் அவன், பணத்தை போன்லயே தட்டி விட்டுடுவான். நீங்க உங்க ரூல் புக்கைத் தலைக்கு வெச்சுக்கிட்டு ரோட்டுல படுங்க!" என்கிறாள்.

ஜனவரியில் உன் சிநேகிதன் கிஷோரை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். "நவம்பர்ல லாயிட் டீமையே வேலையை விட்டு அனுப்பிட்டாங்களே அங்கிள், உங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டவன், என் முகத்தைப் பார்த்ததும் பஸ் வந்ததாகச் சொல்லி ஓடிவிட்டான். நீ ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. என்னிடம் சொல்லும்படி நான் நடந்துகொண்டேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் ஐயாயிரம் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? இனி அனுப்பாதே. அம்மாவுக்கு நீயாகச் சொல்லும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

உதவி நிதிக் குழு 23ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடுகிறது. அதை விட்டால் ஏப்ரல் கடைசியில்தான். ஆகவே படிவம் 22க்குள் என் கைக்கு வரவேண்டும். காரணம் எழுத அதில் இடம் கிடையாது. 'உதவ இயலாது' என்பதற்கு முன்னால் 'தற்போது' என்ற சொல்லை நான் சேர்த்திருக்கிறேன். குளோரியா ஆட்சேபிக்கவில்லை.

என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். மூன்று நாள் தள்ளிப்போட்டு நேற்றுதான் போட்டேன். கொஞ்சம் கோணலாக இருக்கும். அதற்கு நேர் கீழே உன் இடம்.

ஈஜிபுரா வீட்டில் ஓர் அறைதான். பத்தடிக்குப் பதினொன்று. டேப் வைத்து அளந்து பார்த்தேன் மகனே, மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம்.

தேவன் உன்னோடு இருப்பாராக.

உன் அப்பா,
ஜெயராஜ்