கறுப்பு வில்லையும் மாட்டாஸ்பத்திரியும்

21-9-88, புதன்
காலையிலிருந்து புழுக்கம். மழை மலையோடு நின்றுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரி போய் வந்தேன். திரவ நைட்ரஜன் இந்தப் பக்கத்தில் அங்கு மட்டும்தான். சினை ஊசிச் சரக்கு கெடாமலிருக்கக் கேனில் வைத்திருக்கிறார்கள்.

கம்பவுண்டர்: "மாடு எங்க பெரியவரே?"

"மாடு இல்ல. நைட்ரஜன் ஒரு டம்ளர் போதும்."

"மாடில்லாம சினை ஊசிக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான். யாருக்குப் போடப்போறீக?"

வரிசையே சிரித்தது. சிரிக்கட்டும். சனிக்கிழமை கேன் நிரப்ப வண்டி வருமாம். அடியில் மிஞ்சியதைத் தருகிறாராம்.

22-9, வியாழன்
கல்லூரி பௌதிக விரிவுரையாளரைப் பார்த்தேன். மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் பீங்கான் ஆராய்ச்சி செய்வது அவருக்கு வேடிக்கை.

இட்ரியம், பேரியம், தாமிரம். மூன்றின் தூளையும் அரைத்து, அழுத்தி, என் உலையில் சுட்ட வில்லை. முதலில் சுட்டதெல்லாம் பச்சையாகப் போனது. கடைசி வில்லை நல்ல கறுப்பு. நைட்ரஜன் தரும் கடுங்குளிரில் மின்சாரத்தைத் துளி இழப்பில்லாமல் கடத்த வேண்டும். கடத்தினால் மேலே வைத்த காந்தம் அந்தரத்தில் நிற்கும். வெளிநாட்டிலேயே போன வருடம்தான் கண்டுபிடித்தார்கள்.

விரிவுரையாளர்: "நின்னா, மதுரைக் கருத்தரங்குல உங்க பேரைச் சொல்லி நானே பேசுறேன். நிக்கலைன்னா இதோட விட்ருங்க சார்."

சரி என்றேன். சனி காலை மாட்டாஸ்பத்திரிக்கு வருகிறார்.

23-9, வெள்ளி
பெட்டியில் வில்லை இல்லை. பஞ்சு மட்டும்.

பூஜை அலமாரியில் இருக்கிறது. செம்புக் கிண்ணத்தில், தண்ணீருக்குள், மேலே துளசி.

"எம்புட்டு நாளா இப்படி?" என்றேன் மனைவியிடம்.

"ஆடிப்பூரத்துல இருந்து. நீங்கதானே சொன்னீக, சுத்தமில்லாத கை படக் கூடாதுன்னு. கறுப்பா, வழவழன்னு, பஞ்சுல பொதிஞ்சு வச்சிருந்தீக. சாளக்கிராமம்னு நெனச்சேன். குளிச்சிட்டுத்தான் தொட்டேன்."

நான் சொன்னது எண்ணெய்க் கையை. நாமம் போடுவதையே விட்டுவிட்டவன் பெட்டியில் சாளக்கிராமம் எதற்கு வரும்? அதைக்கூட யோசிக்கவில்லை.

தண்ணீர்தான் இதற்கு எமன். விளிம்பெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்தாயா என்றேன். துளசிச் செடிக்கு ஊற்றினாளாம். தப்பித்தாள், பேரியம் விஷம். செடி கருகிவிட்டது. அதற்கும் நான்தான் காரணமாம்.

புதிதாகச் செய்யத் தூள் இல்லை, நாளும் இல்லை. இதையே உலையில் வைத்து உலர்த்துகிறேன்.

24-9, சனி
புரட்டாசி சனி. பஸ் முழுக்க எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க மலைக்குப் போகிற கூட்டம், கோவிந்தா சத்தம். சட்டைப் பையில் வில்லை.

எவர்சில்வர் கிண்ணத்தில் நைட்ரஜன் புகைந்தது. வில்லையை இறக்கி, காந்தத்தை மேலே வைத்தேன். அப்படியே படுத்துக்கொண்டது. எடுத்து வைத்தேன். படுத்தது. திரும்பவும்.

கம்பவுண்டர்: "சினை பிடிக்கல போல."

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "கலவை தப்பு சார். விட்ருங்க."

கலவை தப்பில்லை என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. இதற்குத் துளசி சாத்திய கதையைச் சொன்னால் ஊரே அவளை வைத்துச் சிரிக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

25-9, ஞாயிறு
தூறல். காபி வரவில்லை. கெட்டுப்போனதைத் திரும்ப அரைத்து, திரும்பச் சுடலாம். கல்வத்தில் போட்டேன்.

அவள் நிலைப்படியில். "காந்தம் நிக்கலைல்ல? உங்களுக்கு ஆகாதுன்னா எங்கிட்டக் குடுத்துருங்க."

"முடியாது."

"இத்தன நாள் கும்பிட்டிருக்கேன். பெருமாளைப் போட்டு இடிக்காதீக."

இடித்தேன். முதல் இடிக்கே உடைந்தது.