கல்லான தண்ணீர்

இரேத்தியின் அப்பாவுக்கு,

ஃபிரிட்ஜை விற்றுவிட்டேன். என்ன விலைக்கு என்றுதான் முதலில் கேட்பீர்கள். உங்கள் கணக்குப்படிதான் போட்டேன்: கடை விலையில் பாதி, அதில் வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கழிவு. ஆனால் பேரத்துக்கு இடம் வைக்காமல் கணக்கைச் சொல்லி நியாயமான விலையை நேராகக் கேட்டுவிட்டேன். அதைப் பார்க்க வீட்டுக்கு வந்த, போடிஜா சந்தையில் குளிர்பானம் விற்கும் மோஜிசோலா அக்கா சிரித்தாள்.

“ஏத்திச் சொல்லத் தெரியாதவளா நீ? பெட்டிக்குள்ள ஏதோ நோய் இருக்குடி!”

ஒரு தண்ணீர் பாக்கெட்டை மேலே ஃபிரீசரில் வைத்தாள். “சாயங்காலத்துக்குள்ள கல்லாச்சுன்னா நீ சொன்ன விலை. இல்லேன்னா பாதி.”

பாதி கிடைத்தால் வாடகைக்குப் பற்றாது. வீட்டுக்காரர் பூட்டோடு வந்து நிற்பார். மத்தியானம் கரண்ட் போனது. இரேத்தி கஞ்சி கேட்டு அழுதாள். கஞ்சி உள்ளேதான் இருந்தது. குளிர் போய்விடும் என்று நான் கதவைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அக்கா பாக்கெட்டை எடுத்துச் சுவரில் தட்டினாள். கல். சொன்ன விலையைக் கொடுத்தாள்.

“இவ்வளவு நல்லதை ஏன்டி விக்கிறே?”

“அவர் வந்ததும் பெரிசா வாங்குவார்க்கா.”

ஐரோப்பா போக அகதேஸ் ஊரிலிருந்து பாலைவன லாரி ஏறுவதாகச் சொன்ன பிறகு உங்கள் போன் வரவில்லை என்பது தெருவுக்கே தெரியும். அவள் சிரிக்கவில்லை.

“வரட்டும். வந்தா இதையே திருப்பித் தர்றேன். உன் கணக்குப்படி வருஷத்துக்குப் பத்துல ஒண்ணு கழிச்சுக்கலாம்.”

எத்தனை வருஷம் என்று அவள் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா