உன்னால் படிக்க முடியாத மெனு

ஊர் வம்பு முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போன விஜயா அக்காவுக்கு,

நான் மேடையேறிப் பேசிவிட்டேன். சிரிக்காதே. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஏறிய முதல் மேடை இது. அதில் வாயைத் திறக்காதே என்றார்கள், இதில் இருபது நிமிடம் பேசு என்றார்கள்.

வெப்சைட் செய்கிறவர்கள் எல்லாம் ஒன்றுகூடி, திருச்சியில் ஒரு கல்லூரி அரங்கத்தில் ஒருநாள் கூட்டம் நடத்தினார்கள். சிலர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வது, பலர் போனை நோண்டிக்கொண்டே அதைக் கேட்பது, கடைசியில் எல்லோரும் ஒற்றுமையாகப் பிரியாணிக்கு ஓடுவது, அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருபது வருஷமாக வெப்சைட் செய்கிறவள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லாம் கறுப்பு டீஷர்ட். நான் அரக்குப் பட்டு. யாருடைய நிச்சயதார்த்தத்துக்கோ போகிற வழியில் கதவு மாறி நுழைந்தவள் மாதிரி நின்றேன்.

வாசலில் பெயர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்று, "பேரன்ட்ஸ் எல்லாம் கேன்டீன்ல உக்காரலாம் ஆன்ட்டி" என்றாள்.

"நான் பேச வந்திருக்கேம்மா."

"யார்கிட்ட பேசணும் ஆன்ட்டி?"

நீ இருந்திருந்தால் இந்த ஒரு வரியை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பாய்.

அக்கா, நான் பேசுவதாக எழுதிக் கொடுத்தது வேறு. 'வாடிக்கையாளர்களைச் சமாளிப்பது எப்படி' என்று தலைப்பு. எந்த டிசைனைக் காட்டினாலும் "லோகோவை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்கம்மா" என்று சொல்லும் நம் நகைக்கடைக்காரர் கதையெல்லாம் அதில் உண்டு. ஆனால் போகும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கை தானாகப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. மணி பத்து. நீ போய் எட்டு மாதமாகியும் இந்தக் கைக்கு விஷயம் தெரியவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பொன்மலையில் ரயில்வே டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயரானவள். ஒருத்தர் 'ஹலோ' சொன்னால் போதும், அவர் வீட்டில் நேற்று என்ன சண்டை என்று சொல்லிவிடுவாள். பொன்மலைப்பட்டியில் தனியாக இருந்தாள். மதியச் சாப்பாடு பக்கத்து மெஸ்ஸிலிருந்து வரும். அந்த மெஸ்ஸுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவள் நான்தான்.

அன்றன்றைய மெனுவை மெஸ்காரர் துண்டுச்சீட்டில் எழுதிக் காலையில் வாட்ஸப்பில் அனுப்புவார். நான் அதை அழகாகத் தமிழில் அடித்து, ஓரத்தில் வாழையிலை வரைந்து, படமாக்கிப் போடுவேன். எங்கள் தொழிலில் அது பழைய பழக்கம். ஒரு காலத்தில் தமிழை எழுத்தாகவே போட்டால் பல கம்ப்யூட்டர்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து கிடக்கும். அதனால் படமாக்கினோம். அந்தச் சிக்கல் தீர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. பழக்கம்தான் தீரவில்லை. பார்வையில்லாதவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்ல போனில் ஒரு குரல் இருக்கிறது; அது எழுத்தைத்தான் படிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குத் தெரியாது.

அக்கா, நீ முதல் நாளே போன் பண்ணினாய். "ஏன்டி வசந்தி, உன் பக்கத்தத் தொறந்தா 'படம்'ங்குது. அடுத்ததுக்குப் போனா அதுவும் 'படம்'ங்குது. எனக்கு எதுக்குடி இத்தனை படம்?"

நானும் பெரிய மனசு பண்ணி, படத்துக்குக் குறிப்பாக 'மெனு' என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். மறுபடி போன். "இப்ப 'மெனு, படம்'ங்குது. பந்தியில உக்கார வச்சு, 'இதான் இலை'ன்னு சொல்லிட்டுப் போற மாதிரி இருக்குடி."

"மெஸ்ஸுக்கே போனப் போட்டுக் கேட்டா சொல்லிட்டுப் போறாங்கக்கா."

"ஊருக்கெல்லாம் வெப்சைட்டு, எனக்கு மட்டும் போனா? இன்னொருத்தர் சொல்லித்தான் எனக்குப் பசிக்கணுமா? நீ செஞ்ச வேலைதானே, நீயே தினம் படிச்சுச் சொல்லு."

"அடுத்த வாரம் மாத்திடறேன்" என்றேன். ஐந்து வருஷம் ஓடியது. தினமும் பத்து மணிக்கு நீ கூப்பிடுவாய். நான் மெனுவைப் படிப்பேன், நீ சொல்வதை நானே ஆர்டர் போடுவேன், நடுவில் பொன்மலை வம்பு கொஞ்சம், ஸ்ரீரங்கம் வம்பு கொஞ்சம்.

மேடைக்கு வருகிறேன். நகைக்கடைக்காரர் கதையில்தான் ஆரம்பித்தேன். நன்றாகச் சிரித்தார்கள். அப்புறம் பின்னாலிருந்த பெரிய திரையை அணைக்கச் சொன்னேன். என் போனில் அந்தக் குரலைப் போட்டு, மெஸ் பக்கத்தைத் திறந்து, மைக்கருகே பிடித்தேன். "படம்" என்றது. விரலைத் தள்ளினேன். "மெனு, படம்" என்றது. அதற்கும் சிரித்தார்கள்.

"இன்னைக்கு என்ன கொழம்பு? யாராவது சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

இன்னொரு தடவை தள்ளினேன், இன்னொரு படம். சிரிப்பு நின்றுவிட்டது. "இது நான் செஞ்ச பக்கம். எங்க அக்கா அஞ்சு வருஷம் கேட்டா. நான் மாத்தல. அவ இப்ப இல்ல. காலைல பஸ் ஏறுறதுக்கு முன்னாடியும் படமாத்தான் போட்டுட்டு வந்தேன்" என்றேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நகைச்சுவையும் இல்லாமல் நான் பேசியது அன்றைக்குத்தான்.

கேள்வி நேரத்தில் நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கையில் வெள்ளைக் கோல். "என் பேர் சலீம், பாலக்கரை. நானும் ப்ரோக்ராமர்தான். ரெண்டு விஷயம் மேடம். ஒண்ணு, இன்னைக்கு யார் எத்தனை மணிக்குப் பேசறாங்கன்னு இவங்க போட்டிருக்கற பட்டியலும் படம்தான். ஃப்ரெண்டு படிச்சுச் சொல்லித்தான் வந்தேன்."

கூட்டத்தை நடத்திய கார்த்திக் மேடையோரத்தில் நின்றபடி நெளிந்தார். நானும் நெளிந்தேன். அந்தப் படத்தில் என் முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பியவள் ஆயிற்றே.

"ரெண்டாவது, அந்த மெனுவ மாத்த எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒரு மதியம் போதும்."

"அப்புறம் ஏன் மேடம் அஞ்சு வருஷம் மாத்தல?"

அக்கா, அந்த நேரத்தில் ஒரு பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'மாத்திட்டா அக்கா தினம் கூப்பிட மாட்டாளேன்னுதான் விட்டு வச்சேன்.' எவ்வளவு அழகான பதில்! சொல்லியிருந்தால் அரங்கமே எழுந்து கைதட்டியிருக்கும், முன்வரிசையில் இரண்டு பேராவது கண்ணைத் துடைத்திருப்பார்கள். ஆனால் பொய். நீ பேசும்போது நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நகைக்கடை லோகோவைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருப்பேன். உனக்கு அது கேட்டிருக்கும். மௌஸ் சத்தம் உனக்குக் கேட்காமல் இருக்குமா?

உண்மையைச் சொன்னேன். "நகைக்கடைக்காரர் கோச்சுக்கிட்டா வேற ஆள்கிட்ட போயிடுவாரு சார். எங்க அக்கா எங்கயும் போயிட மாட்டான்னு நெனச்சேன்."

கைதட்டல் இல்லை. சலீம் மட்டும் தலையசைத்தார். "சரிங்க மேடம். இப்ப எப்ப மாத்தப் போறீங்க?"

கேன்டீனில் உட்கார்ந்து மாற்றினேன் அக்கா, பேரன்ட்ஸ் உட்கார வேண்டிய அதே இடத்தில். என் ஒரு பக்கம் கார்த்திக் நிகழ்ச்சிப் பட்டியலை எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் சலீம் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே எங்கள் இருவரையும் மேய்த்துக்கொண்டிருந்தார். என் பிரியாணி ஆறிப் பாறையாகிவிட்டது.

முடித்ததும் அவர் தன் போனைக் காதில் வைத்தார். "வத்தக்கொழம்பு, பீட்ரூட் பொரியல், ரசம், அப்பளம். நல்லா படிக்குது மேடம்." நான் நிமிர்ந்து உட்காருவதற்குள், "ஆனா ஆர்டர் போடுற எடத்துல வெறும் 'பட்டன்'ங்குது. எந்தப் பட்டன்? எதுக்குப் பட்டன்?" என்றார்.

அக்கா, உன்னால் மெனுவைத் தாண்டி அதுவரை போகவே முடிந்ததில்லை. உனக்காக அதை அமுக்கியவள் நான்தானே. அவர் தயிர்ப் பச்சடியை முடிப்பதற்குள் அதையும் சரிசெய்தேன்.

வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு, நானே ஒரு தடவை முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டு நான் போனை எடுக்காமல் விட்ட நாட்களில் நீ என்ன சாப்பிட்டாய்? மெஸ்ஸைக் கூப்பிட்டிருக்க மாட்டாய், உன் ரோஷம் எனக்குத் தெரியும். ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே. நீயும் ஏன் சொல்லவில்லை?

நான் செய்த பக்கங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, எல்லாம் அழகழகான படங்கள். ஒவ்வொன்றாக எழுத்தாக்கிக்கொண்டு வருகிறேன். நடுவில் யாராவது கூப்பிட்டு, 'எனக்கு இது படிக்கல' என்று சொன்னால், அவர் போனை வைப்பதற்குள் வேலையைத் தொடங்கியிருப்பேன். அவர் யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். இது சத்தியம்.

நீ பேசும்போது மௌஸைக் கீழே வைக்காத உன் தங்கச்சி,
வசந்தி